வன்னிஹாமி ஒப்பமிடாத படிவம்

அன்பு மகளுக்கு,

அண்ணாவுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் என்ன என்று சென்ற கிழமை தொலைபேசியில் நீ மெதுவாகக் கேட்டாய். என் மனம் உனக்கு விளங்க வேண்டுமானால், அண்மையில் நான் பார்த்த ஒரு சிங்களப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த ‘புரஹந்த களுவர’ என்ற படம் அது. சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை அருகிலிருந்து சொல்லச் சொல்லப் பார்த்தேன். மழையில்லாத ஊரில் வாழும் கண்பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. இராணுவத்துக்குப் போன மகனின் உடல் என்று மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்று அவர் வீட்டுக்கு வருகிறது. ஊரே அழுது புதைத்த பிறகும் அவர் நம்பவில்லை. பாதியில் நிற்கும் வீடு, கல்யாணத்துக்கு இருக்கும் மகள், கையில் காசில்லாத நிலை என்று எல்லாம் நெருக்கியபோதும் இழப்பீட்டுப் படிவத்தில் ஒப்பமிட மறுக்கிறார். கடைசியில் மண்வெட்டியோடு போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் வாழைக்குற்றியும் கல்லுமே கிடக்கின்றன.

மகன் உயிரோடு இருக்கிறான் என்று படம் சொல்லவில்லை. அவனைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தியிருந்தால் நான் அந்தப் படத்தை நம்பியிருக்கமாட்டேன். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இப்படியொரு படத்தை எடுக்கத் துணிந்தவரையும், 2000 இல் அரசாங்கம் தடுத்த பிறகும் உச்ச நீதிமன்றம்வரை போய் அதைத் திரைக்குக் கொண்டுவந்த உறுதியையும் நான் மதிக்கிறேன். எங்களுக்கு எதிராகப் போரிட வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் அவர் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அந்த மனிதர் பேசாமல் அமர்ந்திருந்த இடங்களிலெல்லாம் நான் அழுதேன்.

அவருக்குத் தோண்டிப் பார்க்க ஒரு குழியாவது இருந்தது, மகளே. போர் முடிந்த 2009 வைகாசியில் முல்லைத்தீவு வட்டுவாகலில் உன் அண்ணாவை உயிரோடு, என் கண்முன்னே, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்ன இராணுவத்தினரிடம் ஒப்படைத்தேன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கு நான் கொண்டுபோகும் அவனுடைய புகைப்படம், லமினேற் செய்திருந்தும், வெயிலில் நிறம் மங்கி, பிடித்துப் பிடித்து ஓரங்கள் பிரிந்துவிட்டன. கண்கள் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. என்னோடு அங்கே இருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். நானும் அப்படிப் போகக்கூடும். அதற்காக, அவன் எப்போது, எங்கே, யார் கையில் இறந்தான் என்று ஒருவரும் சொல்லாத நிலையில், இறந்துவிட்டான் என்று பெற்றவளே எழுதிக் கொடுக்க முடியாது.

நீ காசுக்காகக் கேட்கவில்லை, என் உடம்பை நினைத்தே கேட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சான்றிதழுக்கான படிவத்தில் நான் ஒப்பமிடப் போவதில்லை. மருமகனையும் பக்கத்தில் இருத்தி அந்தச் சிங்களப் படத்தை ஒருமுறை பார். பார்த்த பிறகு என்னோடு கதை. சான்றிதழைப் பற்றியல்ல, அண்ணாவைப் பற்றி.

அன்புடன்,
அம்மா