புளியங்கொட்டை போட ஒரு ஆள் வேண்டும்

அங்கன்வாடி மையத்துக்கு எத்தனை பேர், என்ன சம்பளம், யாருக்கு என்ன வேலை என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் 31 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு நான் பால்வாடி டீச்சர். பணியில் இருந்தவரை மேலிடத்துக்கு நான் எழுதியதெல்லாம் படிவம்தான். எத்தனை குழந்தை, எத்தனை கிலோ, எத்தனை முட்டை. அந்தப் படிவங்களில் கட்டம் இல்லாத ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

என் மையத்துக்கு ஒரு பையன் வந்தான். மூன்று வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அப்பா, அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில், இவன் அப்பத்தாவிடம். அந்த அம்மாளுக்கு மூட்டுவலி. குழந்தை ஓடாமல் இருந்தால் போதும் என்று கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடும். குற்றம் சொல்ல மாட்டேன், எழுபது வயதில் ஒற்றை ஆளாய் அதற்கு வேறு வழியில்லை. பையன் வந்து ஏழு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடுவான், தூங்குவான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். எடை சரி. வளர்ச்சி அட்டையில் அவன் புள்ளி பச்சையிலேயே இருந்தது. காகிதத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் காலை அவன் மூலையில் உட்கார்ந்து, ஒரு பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். டொக். அடுத்தது டொக். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து எதுவும் பேசாமல் ஒரு கொட்டையை எடுத்துப் போட்டேன். அவன் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், ஒன்று போட்டான். நானும் ஒன்று. அவன் ஒன்று. பத்துப் பன்னிரண்டு முறை இப்படியே போன பிறகு நான் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் காத்திருந்தான். என் விரலை இழுத்துப் பார்த்தான். அப்புறம்தான் சொன்னான்: "டீச்சர், நீ போடு."

ஏழு வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வேலை ஏவி, முழு வாக்கியமாகவே வந்தது.

இன்னும் ஒரு பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் வந்திருக்குமோ! போன் அடித்தது. அந்த மாத எடைக் கணக்கை மதியத்துக்குள் ஏற்ற வேண்டுமாம். எழுந்து போனேன். ஆயாம்மா அடுப்படியில். முடித்துவிட்டு வந்து பார்த்தால், பையன் பாட்டிலை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மறுபடி வாய் திறக்க நான்கு நாள் பிடித்தது.

இந்த மடலே அந்த நான்கு நாளைப் பற்றித்தான்.

நான் போட, அவன் போட, நான் நிறுத்த, அவன் கேட்க. இதைப் பார்ப்பவர்களுக்கு விளையாட்டு என்று தோன்றும். குழந்தைக்கு அதுதான் பாடம். முறை வரும்வரை பொறுப்பது, எதிராளி என்ன செய்வார் என்று ஊகிப்பது, தனக்கு வேண்டியதைச் சொல்லால் வாங்குவது, எண்ணிக்கை, விரல் நுனியில் பிடிமானம், எல்லாமே ஒரு பாட்டிலுக்குள் இருக்கிறது. பிறந்த சில ஆண்டுகளில் மூளையில் இணைப்புகள் நம்ப முடியாத வேகத்தில் உண்டாகின்றன. எது அடிக்கடி பயன்படுகிறதோ அது பலப்படும், மற்றது கழியும். குழந்தை ஒரு சத்தம் கொடுக்கிறது, பெரியவர் பதில் கொடுக்கிறார், குழந்தை திரும்பக் கொடுக்கிறது. இந்தப் போக்குவரத்துதான் அந்த இணைப்புகளை உறுதியாக்குகிறது. கிழவிகள் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டு ஊர விட்டு, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதும் இதே வேலைதான். நண்டு எப்போது அக்குளுக்கு வரும் என்று தெரிந்தே காத்திருந்து சிரிக்கும் பாருங்கள், அந்தக் காத்திருப்பு ஒரு பெரிய படிப்பு.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்து காட்டினார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சட்டென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிரண்டு நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. ஒன்றுக்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. இதைப் படித்தபோது எனக்குப் பகீர் என்றது. 2021இல் கணக்கெல்லாம் ஏற்றப் போஷன் டிராக்கர் என்ற செல்போன் செயலி வந்தபின் எங்கள் முகம் அப்படித்தானே இருந்தது? குழந்தை எதிரே நிற்கும், எங்கள் தலை போனில் குனிந்திருக்கும். இப்போது சத்துமாவு கொடுக்கத் தாய்மாரின் முகத்தையும் அதில் படம் பிடிக்க வேண்டும். நெட்வொர்க் கிடைக்காத ஊரில் ஒரு முகம் பதிவாக எவ்வளவு நேரம் ஆகும் என்று என் பழைய தோழிகளைக் கேட்டுப் பாருங்கள். கணக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஆள் கணக்கும் எழுதி, குழந்தையின் கண்ணையும் பார்க்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த நாட்டில் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொண்டுவந்தார். இன்று மாநிலத்தில் 54,000க்கு மேல் மையங்கள். கலவை சாதம், வாரம் மூன்று முட்டை, சத்துமாவு, தடுப்பூசி. இதில் நமக்குப் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சோறு போட்டால் பாதி வேலைதான் முடிகிறது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை வைத்து சாலி கிராந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1980களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். எல்லாரும் இரண்டு வயதுக்குள். ஒரு பிரிவுக்குச் சத்துணவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்த் தாயையும் குழந்தையையும் உட்கார வைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். வேண்டாத பொருளில் செய்த பொம்மைகள்தான். ஒரு பிரிவுக்கு இரண்டும். மற்றொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தால், விளையாட்டுக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படியொரு நீண்டகாலப் பலன் தெரியவில்லை. அங்கே வீட்டுக்குப் போனவர்கள் பெரிய பட்டம் வாங்கியவர்கள் இல்லை. எங்களைப் போன்றவர்கள்தான்.

ஜமைக்கா தூரம் என்பீர்கள். சரி, நம் வீட்டுக் கதைக்கே வருகிறேன்.

தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலை பார்க்கும் ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. குழந்தைகளோடு செலவாகும் கற்றல் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்ததுதான்: உயரக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூட அந்த மையங்களில் குறைந்திருந்தன. ஏனென்றால் பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்தது. எடை பார்க்கவும் தாய்மாரிடம் பேசவும் அவருக்கு நேரம் கிடைத்தது. விளையாட ஒரு ஆள் போட்டால் சோற்று வேலையும் சேர்ந்து நன்றாக நடக்கிறது. ஆகும் செலவைப்போல் பல மடங்கு பலன் என்றும் அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் மண்ணில், நம் மையங்களில், நம் பிள்ளைகளை வைத்துக் கிடைத்த விடை இது. பிறகு எதற்குக் காத்திருக்கிறோம்?

2025இல் 7,783 காலியிடங்களை நிரப்ப அரசு முன்வந்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் அது காலியாக இருந்த நாற்காலியில் ஆள் உட்காருவது. நான் கேட்பது புதிதாக ஒரு பாய். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு தரையில் உட்கார, மையத்துக்கு அரைநாளுக்கு ஒருவர். பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ரிஜிஸ்டர் கொடுக்காதீர்கள், செயலி கொடுக்காதீர்கள், தேர்தல் வேலைக்கு அனுப்பாதீர்கள். கொடுத்தால் ஆறே மாதத்தில் அவர்களும் என்னைப்போல் எழுந்து போய்விடுவார்கள்.

ஆள் போடும்வரை செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எந்த மையத்துக்கும் எந்த அலுவலகத்திலிருந்தும் போன் போகக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. அவ்வளவுதான்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "என் பிள்ளை இன்னும் ஏ பி சி எழுதவில்லையே, விளையாடத்தான் அனுப்புகிறேனா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். பக்கத்து ஊர் நர்சரி வேன் வாசலில் நின்று போகும்போது அவர்களுக்கும் பதறுகிறது. மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து அழுத்தி எழுத வைப்பதைவிட, களிமண் பிசைவதும் சப்பாத்தி மாவு உருட்டுவதும்தான் அந்த விரல்களைப் பென்சிலுக்குத் தயார் செய்யும் என்று நான் தனியாகச் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் எடுபடும். நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர் வைத்ததே உங்கள் துறைதானே. பெயரில் மூன்று வேலை இருக்கிறது. அதைச் செய்ய ஒரு ஆள்கூட மிச்சமில்லை என்பதைத்தான் பெற்றோரும் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. புளியங்கொட்டையைக் குழந்தை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பல மையங்களில் விளையாட்டுச் சாமான் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. உடைந்தால் கணக்குக் கேட்பார்கள், விழுங்கினால் வேலை போகும். கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே இருந்து பார்க்க ஒரு ஆள் இருந்தால் பீரோவும் திறக்கும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வருகிறேன், மன்னியுங்கள்.

அந்தப் பையன் இப்போது மூன்றாம் வகுப்பு. வாயாடி. அப்பத்தா தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறது. அவனுக்கு அந்தப் பாட்டில் நினைவில்லை, கேட்டேன், சிரித்தான். அவனுக்கு அந்த நான்கு நாள்தான் போனது. பேசாமலே ஒன்றாம் வகுப்புக்குப் போன மற்ற பிள்ளைகள் என் ரிஜிஸ்டரில் பச்சைப் புள்ளிகளாக இருக்கிறார்கள்.

உங்களில் யாராவது ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு மையத்துக்குப் போங்கள். போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். நாற்காலி எடுத்துப் போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லித் தரையில் உட்காருங்கள். ரிஜிஸ்டர் கேட்காதீர்கள். ஒரு பிள்ளை வந்து எதையாவது உங்கள் கையில் கொடுக்கும், கல்லோ, இலையோ, பாதி தின்ற பிஸ்கட்டோ. வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அது மறுபடி கொடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பால்வாடி டீச்சர்