போடியாருக்கு, லொறியில் வரும் கடிதம்

கல்லடி, மட்டக்களப்பு
12.09.2021

அன்புள்ள மச்சான்,

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று நினைக்கிறேன். நாங்கள் இப்போது சுகம். மூன்று தடவை அழைத்தும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபித்திருப்பாய். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. பெரியண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பதினொரு நாளும் போன் மணி அடித்தாலே என் கை நடுங்கியது. ஆஸ்பத்திரியின் அழைப்பைத் தவிர வேறெதையும் எடுக்கத் தெம்பில்லாமல் போயிற்று. கடந்த புதன்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வாசலில் இருந்து கட்டில்வரை நடக்க இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். அந்த வெண்கலக் குரல் நூலாகிவிட்டது. ஆனாலும் வந்த அன்றே உன்னை விசாரித்தார். "போடியார் சிறுபோக நெல்லை வெட்டிவிட்டானா?" என்றுதான் கேட்டார்.

மறுகா என்ன என்று கேட்பாய். சொல்கிறேன்.

ஓகஸ்ட் நடுவில் வீட்டில் ஐந்து பேருக்கும் கொரோனா வந்தது. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், மணமில்லை. பிள்ளைகளுக்கு அதுவுமில்லை. அண்ணனுக்கு நாலு நாள் நல்ல காய்ச்சல். காட்டிய இடத்தில் ஒட்சிசனும் பார்க்கவில்லை, மூச்சையும் எண்ணவில்லை, குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அண்ணி பிட்டும் மீன் குழம்பும் வைத்தாள், அவரும் சாப்பிட்டார். தப்பிவிட்டோம் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது மச்சான். ஏழாம் நாள் மாலை கதிரையில் இருந்து வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். உதடு நாவற்பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. "மூச்சு முட்டுகிறதா?" என்றேன். "இல்லையே" என்றார். சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்துநான்கு. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம். அம்புலன்ஸில் விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியை மாட்டினார்கள். 82.

முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன் நான். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதல்ல, கரியமிலவாயு தேங்குவதுதான் என்று கரும்பலகையில் எழுதியவன். இந்த நோயில் தொடக்கத்தில் கரியமிலவாயு வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஒட்சிசன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். என் வீட்டுக் கதிரையிலேயே அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

வார்டில் இருந்த சின்ன டொக்டர் எடுத்த எடுப்பில் கேட்டதெல்லாம் பழைய கதை. வயது என்ன, சீனி வருத்தம் எத்தனை வருடம், பிரஷர் உண்டா, சிறுநீரகம் எப்படி, நிறை எவ்வளவு, இன்று எத்தனையாம் நாள், தடுப்பூசி எத்தனை போட்டார். வந்த வருத்தத்தை விட்டுவிட்டு இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றிரவே அண்ணனை மேலே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஐந்து பேரில் அவரை மட்டும் ஏன் அது பிடித்தது? கொழும்புப் பக்கம் கொரோனா வார்டில் வேலை செய்கிற மருமகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "மாமா, இது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிகிற விசயம்" என்றாள். 2020 பெப்ரவரியிலேயே வூஹானில் ஓர் ஆஸ்பத்திரி தன்னிடம் சேர்ந்த 138 பேரின் கணக்கை வெளியிட்டிருக்கிறது. அதில் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 36 பேர். அவர்களின் நடு வயது 66, போகாதவர்களுடையது 51. போனவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு ஏற்கெனவே ஏதோவொரு நாட்பட்ட வருத்தம் இருந்தது, போகாதவர்களில் 37 பேருக்குத்தான். அடுத்து இத்தாலியின் லொம்பார்டியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 1591 பேரைப் பார்த்தார்கள். நூற்றுக்கு 82 பேர் ஆண்கள். பெண்களுக்கும் தொற்றுகிறது, ஆனால் அந்தக் கட்டில்களில் ஆண்கள்தான் நிறைந்து கிடந்தார்கள்.

வயது, ஆண், சீனி, பிரஷர், இதயம், சிறுநீரகம், தொந்தி. இந்த ஏழையும் சொல்லிப் பார்த்தேன். அண்ணனுக்கு ஐந்து பொருந்தியது. பிறகு உன்னை வைத்துச் சொல்லிப் பார்த்தேன் மச்சான். அன்றிரவு நித்திரை வரவில்லை.

"வட்டையில் உழைத்த உடம்பு, எனக்கொன்றும் வராது" என்று சித்திரையில் சொன்னாய். அந்த உடம்பு எனக்குத் தெரியாதா? விடுதியில் பதினெட்டு ரொட்டியை ஏறாவூரானோடு பந்தயம் வைத்துத் தின்ற உடம்பல்லவா! இப்போது உனக்கு ஐம்பத்தொன்பது. சீனி பதினான்கு வருடம். கிளினிக் கொப்பியில் சிறுநீரில் புரதம் என்று, சிறுநீரகம் பழுதாவதன் அடையாளத்தை, எழுதியிருந்ததை நீ தங்கச்சிக்கு மறைத்தாய், எனக்குக் காட்டினாய். வரம்பில் நடப்பதை விட்டு மோட்டார் சைக்கிளில் வயல் பார்க்கத் தொடங்கியும் எட்டு வருடம். வயிற்றுக் கொழுப்பு வெறும் பாரமில்லை. மல்லாந்து படுக்கும்போது அது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் கிடக்கிறது. அதனால்தான் அண்ணனை நாளுக்குப் பல மணிநேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதல் முறை அப்படிப் படுத்து அரை மணி நேரத்தில் 86 இருந்தது 93 ஆனது என்று தாதி ஒருவர் சொன்னார். அவருடைய கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. தொடக்கூடாதே!

டெக்சாமெதசோன் ஏற்றினார்கள். இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையில், இயந்திர மூச்சில் இருப்பவர்களிடையே மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்த மருந்து அது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை. ஆகவே முற்பாதுகாப்பு என்று கடையில் வாங்கி விழுங்கிவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அந்த மருந்தால் அண்ணனின் சீனி நானூறைத் தாண்டியது, இன்சுலின் ஏற்றியபடியே இருந்தார்கள்.

அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். நாலாம் நாள் போய்விட்டார். ஓட்டமாவடியில் அடக்கினார்கள். ஏறாவூரானுக்குச் செய்தி சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவனுடைய உம்மா போனது 2020 டிசம்பரில். அப்போது கொரோனாவில் இறந்தவர்களை அடக்க அரசு விடவில்லை, எரித்தார்கள். "அந்த மனிதருக்காவது மண் கிடைத்ததே" என்றான். நீ அவனுக்கு ஒரு தடவை அழைத்துப் பேசு.

இரண்டாவது ஊசியை அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறாய். அண்ணனும் ஒன்றோடுதான் நின்றார், அவர் சொன்ன காரணம் வீடு பூசுகிற வேலை. நாளைக்கே போ. நெல் களத்தில் ஒரு நாள் கிடக்கும்.

இந்த லொறித் தம்பியிடம் சின்னப் பெட்டி ஒன்றும் தந்திருக்கிறேன். அண்ணனுக்கென்று பிந்தி வாங்கிய ஒட்சிசன் மானி. காய்ச்சலோ இருமலோ கண்டால், ஐந்து நிமிடம் ஆறுதலாக இருந்து, கையைச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, இலக்கம் நிற்கும்வரை பார். பிறகு முற்றத்தில் நாற்பது காலடி நடந்துவிட்டு மறுபடி பார். மூன்று புள்ளி இறங்கினாலோ, இருந்த இடத்திலேயே 94க்குக் கீழே போனாலோ, என்னிடம் கேட்க வேண்டாம், அயலார் என்ன நினைப்பார்கள் என்றும் பார்க்க வேண்டாம், 1990க்கு அழை. காய்ச்சல் விட்டபிறகும் பத்தாம் நாள்வரை காலையும் மாலையும் மாட்டு.

தங்கச்சிக்கும் மாட்டக் காட்டிக் கொடு. அந்தப் புரதக் கதையையும் இன்றே அவளிடம் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் அழைத்துச் சொல்வேன்.

தம்பி வாசலில் ஹோன் அடிக்கிறான். பெட்டி கிடைத்ததும் உன் ஒட்சிசன் இலக்கத்தை எனக்கு அனுப்பு. இன்றிரவு போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.

என்றும் உன்,
மேல் கட்டில்காரன்