விண்டோஸா லினக்ஸா என்று கேட்பதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விண்டோஸ் 10 பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது, எல்லோரும் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்கு மாறிவிட வேண்டியதுதான், இலவசம், வைரஸ் வராது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று எழுதியிருந்தார். எழுதியவர் நல்லவர்தான். ஆனால் ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மன்னார்குடியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜாப் டைப்பிங், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 23 வருடம் ஆகிறது. கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று மனு, கல்யாணப் பத்திரிகை, பங்குனித் திருவிழா பதினெட்டு நாளுக்கும் உபயதாரர் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் அடிப்போம். மூன்று கம்ப்யூட்டர். மூன்றுமே 2015 வாக்கில் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும் என்கிறார்கள். என் கம்ப்யூட்டர்களில் இரண்டும் கிடையாது. சர்வீஸுக்கு வரும் தம்பி மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, இனிமே இது தாங்காது. மூணையும் மாத்திடுங்க" என்று சொல்லி ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கொட்டேஷன் நீட்டினார்.

கட்டுரையில் இல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மூன்று கம்ப்யூட்டரிலும் இருந்தது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை. அசெம்பிள் செய்து கொடுக்கும்போதே 'கிராக்' செய்து போட்டுக் கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் பாதிக் கடை இப்படித்தான். எங்களிடம் வந்து லினக்ஸ் இலவசம் என்றால், "இதுவும் இலவசம்தானே" என்பார்கள். விலையைச் சொல்லி எங்களை மாற்ற முடியாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியதே, அதற்கான பேட்சை, அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். கிராக் போட்டவன் அப்டேட் வந்தாலே குட்டு உடைந்துவிடுமோ என்று முதல் வேலையாக அதைத்தானே நிறுத்தி வைக்கிறான்? நானும் நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

கொட்டேஷனைப் பார்த்த அன்று இரவு என் மகள் ஒரு பென் டிரைவில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொண்டுவந்தாள். இதில் ஒரு வசதி உண்டு. ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். இரண்டு நாள் அப்படி ஓட்டிப் பார்த்தோம். பிரவுசர் சரி, பட்டா சிட்டா எடுக்கலாம், வில்லங்கம் பார்க்கலாம். வேகமும் பரவாயில்லை. இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கும் கூடுதல் ராமும் வாங்கிப் போட்டதில் ஐயாயிரத்துக்குள் முடிந்தது. இந்தப் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும்.

முதல் வாரத்திலேயே ஒரு ஆச்சரியம். பென் டிரைவில் 'ஷார்ட்கட் வைரஸ்' வருவதை ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். காலேஜ் பிள்ளை ப்ராஜெக்ட்டோடு வந்து நிற்கும். பென் டிரைவைச் செருகினால் உள்ளே ஒரே ஒரு ஷார்ட்கட்தான் இருக்கும். அதைத் தட்டினால் நம் கம்ப்யூட்டருக்கும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருகிறவரின் பென் டிரைவுக்கு அதை நாமே ஏற்றி அனுப்புவோம். இப்போது வருகிற பென் டிரைவெல்லாம் முதலில் லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான். அந்த வைரஸ் நிஜக் கோப்புகளைப் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி மறைத்து வைக்கிறது. விண்டோஸில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஃபோல்டர் இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. திறந்தால் ப்ராஜெக்ட் பத்திரமாக இருக்கும். ஷார்ட்கட்டைத் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. இதற்காக மட்டுமே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை வாசலில் வைக்கலாம் என்பேன். லினக்ஸுக்கு வைரஸே கிடையாது என்று கட்டுரையாளர் சொன்னதை ஏற்க மாட்டேன். எங்கள் தெருவுக்கு வருகிற வைரஸ் எல்லாம் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது நிஜமான தலைவலி.

பிரிண்டரைச் சொல்லவில்லை. பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸோடு பேச மறுத்தது உண்மைதான், கோப்பை பிடிஎஃப் ஆக்கிப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் வழியாக எடுத்துச் சமாளித்துவிட்டோம். தலைவலி தமிழ் எழுத்தால் வந்தது. என்னிடம் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் பெண், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், காலையில் வந்து ஒரு பழைய பத்திரத்தைத் திறந்துவிட்டு, "அக்கா, என்னக்கா இது, இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தை மாதிரி இருக்கு" என்றாள். எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்.

இதைப் பொதுவான வாசகர்களுக்கு விளக்க வேண்டும். நாங்கள் இத்தனை வருடம் அடித்தது தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்ட கதை. எழுத்துருவை எடுத்துவிட்டால் சட்டை கழன்று உள்ளே இருப்பது தெரிந்துவிடும். வானவில் போன்ற மற்றவையும் இதே வழிதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் எழுத்தை வைத்திருக்கும். நாங்கள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் பொது முறையான யூனிகோடே அதற்குத் தெரியாது. நாங்கள் அதிலேயே உட்கார்ந்துகொண்டோம், ஏனென்றால் எங்களுக்கு வேலை கொடுப்பவர்கள் எல்லோரும் அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

எழுத்துருவை லினக்ஸிலும் போட்டுக்கொள்ளலாம்தான். போட்டேன், எழுத்து தெரிந்தது. ஆனால் புதிதாக அடிப்பதை எதற்கு இன்னும் அந்தப் பழைய முறையில் அடிக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். சரி என்று அறுபது மாதிரிப் பத்திரங்களை மட்டும், பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் 'மாற்றி' மென்பொருளில் போட்டு எடுத்தோம். மெய்ப்புப் பார்த்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. சர்வே எண்ணின் உட்பிரிவு ஆங்கில எழுத்தில் இருக்கும் இல்லையா, 112/3ஏ என்பதுபோல? மாற்றி மென்பொருளுக்கு அது ஆங்கிலம் என்று தெரியவில்லை. அதையும் தமிழாக்கி ஏதோ ஒரு எழுத்தை வைத்துவிட்டது. இனிஷியல்களும் அப்படியே போயின. கல்யாணப் பத்திரிகையில் இப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். கிரையப் பத்திரத்தில் உட்பிரிவு மாறினால் நிலமே மாறிவிடும். நானும் டைப்பிங் பெண்ணுமாக ஒன்பது நாள், கடை சாத்திய பிறகு உட்கார்ந்து, அறுபதையும் அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டோம்.

அந்தப் பெண்ணை, யூனிகோடில் அடிப்பதற்கான தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாற்றியது தனிக் கதை. டைப்ரைட்டர் முறையில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்து. தமிழ்99-இல் எழுத்து முதலில், உயிர் பின்னால். "கொம்பு அடிக்காம எப்படிக்கா கை போகும்" என்று மூன்று வாரம் முனகினாள். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்த அன்று முனகல் பாதியாகக் குறைந்தது. இப்போது பழைய வேகத்தை எட்டிவிட்டாள். ஆனால் அந்த மூன்று வாரத்தில் இரண்டு வக்கீல்களின் வேலை எதிர்க் கடைக்குப் போனது. அதில் ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை. இந்தச் செலவை லினக்ஸ் கணக்கில் எழுதுவதா, எங்கள் இருபது வருடச் சோம்பல் கணக்கில் எழுதுவதா? நான் இரண்டாவதில்தான் எழுதியிருக்கிறேன்.

கட்டுரையாளர் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியைப் புகழ்ந்திருந்தார். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள் என்பது சரி. ஆனால் 2017-இல் அதே நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவது என்று ஓட்டுப் போட்டதை ஏன் விட்டுவிட்டார்? அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் முப்பதாயிரம் கம்ப்யூட்டர்களை மைக்ரோசாஃப்டிலிருந்து விலக்கிக்கொள்ள முடிவெடுத்ததையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாசகருக்கு முழுப் படம் கிடைத்திருக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நம் ஊரிலும் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தை உமாசங்கர் ஐஏஎஸ் நடத்தியபோது, அங்கே சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. என் மகளுக்கும் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று கிடைத்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் இரண்டு வரி வரும். "அந்த இன்னொரு வரியைத் தொட்டுடாதே" என்பதுதான் பள்ளியில் அவளுக்குச் சொல்லப்பட்ட ஒரே பாடம். அரசு காசு கொடுத்து ஏற்றிய ஒன்றைத் திறந்து காட்டக்கூட ஆள் இல்லை. அந்த மடிக்கணினி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ராமை 4 ஜிபி ஆக்கி, மின்டின் இலேசான பதிப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் மாமனார் அதில் திருப்புகழ் கேட்கிறார், பேப்பர் படிக்கிறார். வயது எண்பத்தொன்று. அது என்ன இயங்குதளம் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு இப்படி எளிதாக முடிந்துவிடும். கடைக்கு முடியாது. எங்கள் மாடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. அவர் யோசனை கேட்டபோது, "சார், நீங்க மாறாதீங்க" என்று நானே சொன்னேன். கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. ஜிஎஸ்டி வருடாந்தரக் கணக்குக்கான எக்செல் கருவியில் மேக்ரோ என்ற குட்டி நிரல்கள் இருக்கின்றன, அவற்றை லினக்ஸில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபிஸ் அப்படியே இயக்கும் என்று நம்பி உட்கார முடியாது. கடைசித் தேதிக்கு முந்தின இரவு சோதனை செய்துகொண்டிருக்க அவரால் ஆகுமா? என்னிடம் உள்ள விரல்ரேகைக் கருவியும் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும்தான் வேலை செய்கிறது. அதற்காக அசல் விண்டோஸ் 11 போட்ட புதுக் கம்ப்யூட்டர் ஒன்று, 41,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் இருக்கிறது. பழைய மூன்றில் இரண்டு லினக்ஸ். மூன்றாவது, பழைய கோப்புகளுக்கும் லேசர் பிரிண்டருக்கும் மட்டும். இணைய ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் ஏதாவது நுழைய வேண்டுமென்றால் நானே கையால் கொண்டுபோனால்தான் உண்டு.

ஆகவே மாறலாமா என்று யோசிக்கிறவர்களிடம் நான் கேட்பது வேறு. ஒரு நோட்டில் பத்து நாளைக்கு எழுதுங்கள்: எந்த மென்பொருளைத் திறந்தோம், எந்தக் கருவியைச் செருகினோம், யாருக்கு எந்த வடிவத்தில் கோப்பு அனுப்பினோம். என் நோட்டில் எழுபது சதம் பிரவுசரும் தமிழ் டைப்பிங்கும்தான் இருந்தது. கடைசிப் பத்தி, யாருக்கு அனுப்பினோம் என்பது, அதுதான் என்னைக் கட்டிப்போட்டிருந்தது. தமிழில் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இலவசமாகவே சொல்லிக் கொடுக்கிறது.

அனுப்புகிற இடம் என்று சொன்னதால் ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். யூனிகோடைத் தரமாகத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. இன்றைக்கும் ஓர் அலுவலகத்துக்கு மனுவின் கோப்பை அனுப்பினால், "வானவில்ல போட்டு அனுப்புங்க, எங்க சிஸ்டத்துல தெரியல" என்று போன் வருகிறது. அலுவலகத்தைச் சொல்வானேன்? போன மாதம் இரங்கல் விளம்பரம் ஒன்றை உங்கள் நாளிதழின் உள்ளூர் முகவரிடம் யூனிகோடில் கொடுத்தேன். அவரும் அதையேதான் கேட்டார். ஒயர் பிடுங்கி வைத்த கம்ப்யூட்டரை அன்று அதற்காகவே ஆன் செய்தேன்.

இந்தக் கடிதத்தையும் யூனிகோடில்தான், லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் அனுப்புகிறேன். வெளியிடுவதாக இருந்து, உங்கள் பக்க வடிவமைப்பாளர் இதை மாற்றி மென்பொருளில் போட நேர்ந்தால், கொம்பும் புள்ளியும் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்கார வாசகி,
மன்னார்குடி