பேக்ஃபில் என்னவென்று கேளுங்கள்: ஸ்ட்ரெஸ் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, நேரில் பார்க்காத நாடுகளின் குழாய்களுக்கெல்லாம் ஸ்ட்ரெஸ் கணக்கு, அதாவது குழாய் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு, போடுகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். பல வருடம் நானும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். குழாயில் எண்ணெய் போகட்டும், எரிவாயு போகட்டும், குடிநீர் போகட்டும், அது மண்ணுக்குள் ஒரு நிலப்பிளவை (நிலநடுக்கத்தில் இரு பக்க நிலமும் விலகி நகரும் கோட்டை) கடக்கிறது என்றால் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பேக்ஃபில் என்ன, அதாவது அகழியில் எந்த மண்ணைப் போட்டு மூடப்போகிறார்கள் என்று கேளுங்கள். அது வரைபடத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நம்மில் பலருக்குக் கை பழகியது பிளான்ட் பைப்பிங்கில், அதாவது ஆலைக்குள் ஓடும் குழாய்களில். அங்கே குழாய் சூட்டில் நீளும், நடுவில் வளைத்து ஒரு லூப் வைத்தால் அடங்கிவிடும். அதே பழக்கத்தில் பிளவுக்குப் பக்கத்திலேயே எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு) வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதைத்த குழாயில் அது நேர் எதிராக வேலை செய்யும். சுற்றியுள்ள மண் எல்போவை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அது நங்கூரம் ஆகிவிடும். நிலம் இரண்டு மீட்டர் நகர்ந்தால் அந்த இரண்டு மீட்டரைப் பங்கு போட்டுக்கொள்ள நீளமான நேர்க்குழாய் வேண்டும். வளைவும் வால்வும் கிளையும் தள்ளியே இருந்தால் குழாய் மண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, இழுப்பை நீளம் முழுக்கப் பரப்பிக்கொள்ளும். மண் இறுகப் பிடித்தால் வழுக்க முடியாது. அத்தனை இழுப்பும் பிளவை ஒட்டிய சில மீட்டரில், அங்கிருக்கும் வெல்டுகளில் வந்து சேரும்.

அப்புறம், ரிப்போர்ட்டில் ஸ்ட்ரெஸ் அளவைத் தாண்டிச் சிவப்பாக வந்ததும் பதறாதீர்கள். பிளவு குழாயின் மேல் பாரம் ஏற்றுவதில்லை, குழாயைப் பிடித்து நகர்த்துகிறது. எஃகு யீல்டு ஆகத்தான் செய்யும், அதாவது பழைய வடிவத்துக்குத் திரும்பாதபடி உருமாறும். அங்கே பார்க்க வேண்டியது ஸ்ட்ரெயினை, அதாவது குழாய் எத்தனை சதவீதம் நீள்கிறது அல்லது குறுகுகிறது என்பதை. வெல்டு நன்றாக இருந்தால் எஃகுக் குழாய் 2, 3 சதவீதம் இழுபட்டும் பிழைத்துக்கொள்ளும். அமுக்கினால் கதை வேறு. அதைவிட எவ்வளவோ முன்னாலேயே சுவர் மடிந்துவிடும். 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியில், இஸ்மித் பக்கம் குல்லர் என்ற இடத்தில் அதுதான் நடந்தது. 2.2 மீட்டர் விட்டமுள்ள தண்ணீர்க் குழாய், உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். வட அனத்தோலியப் பிளவு அங்கே ஏறக்குறைய 3 மீட்டர் நகர்ந்தது. குழாய் பிளவைக் கடந்த கோணம் அதை அமுக்கத்தில் தள்ளியது. எஃகுச் சுவர் சேலை மடிப்பு மாதிரி மடிந்து கசிந்தது. பிளவு எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்திருந்தால், அதே இடத்தைக் கோணம் மாற்றிக் கடந்து குழாயை இழுப்பில் வைத்திருக்கலாம்.

சரி, மண்ணுக்கு வருகிறேன். என் முதல் பிளவுக் கடப்பில் கணினி மாடல் நன்றாகவே வந்தது. ஆழம் குறைவு, சரிவான பக்கச் சுவருள்ள அகலமான அகழி, தளர்ந்த மணல். மண் ஸ்பிரிங் (மண்ணின் பிடியை மாடலில் காட்டும் ஸ்பிரிங்) எல்லாம் அதற்கேற்றபடி கொடுத்திருந்தேன். சில மாதம் கழித்து சைட்டிலிருந்து ஒரு போட்டோ வந்தது. தோண்டிய களிமண்ணையே திரும்பப் போட்டு, ரோடு போடுவதுபோல ரோலர் விட்டு இறுக்கியிருந்தார்கள். பளபளவென்று ரோலர் தடம் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வரைபடத்தில் வழக்கமான அகழி டீட்டெய்ல் மட்டும்தான் இருந்தது. மணல் என் மாடலில் மட்டும் இருந்தது. மறுபடி தோண்ட வைத்தோம். அந்தப் போட்டோ வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

புவியியலாளரிடமும் போய் உட்காருங்கள். அவர் வரையும் கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பிளவு எவ்வளவு அகலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்று கேளுங்கள். அலாஸ்காவில் டெனாலி பிளவைக் கடக்கும் எண்ணெய்க் குழாய்க்கு அப்படிக் கேட்டார்கள். பல நூறு மீட்டர் நீளத்துக்கு அதைப் புதைக்காமல், தரைக்கு மேல் நீண்ட உத்தரங்களில் வழுக்கும்படி வைத்தார்கள். 6 மீட்டர் பக்கவாட்டு நகர்வுக்கு வடிவமைத்தது. 2002 நவம்பர் 3 அன்று 7.9 அளவில் நிலநடுக்கம் வந்தது, நிலம் 4 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. தாங்கிகள் சில சேதமாயின. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை.

நம் நாட்டிலும் கட்ச்சிலும் வடகிழக்கிலும் குழாய்கள் போகின்றன. குஜராத் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக ஐஐடி கான்பூர் 2007-ல் தயாரித்த புதைகுழாய் வழிகாட்டியில் பிளவுக் கடப்புக்கென்றே கணக்கு இருக்கிறது. உங்கள் மேசையில் அது இல்லையென்றால் இன்றே எடுத்து வையுங்கள்.

வரைபடத்தில் நான் எழுதும் குறிப்பை அப்படியே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்: "இந்த எல்லைக்குள் தளர்ந்த மணல் மட்டும். தோண்டிய மண்ணைத் திரும்பப் போடக் கூடாது. ரோலர் கூடாது. பின்னாளில் மேலே மண் ஏற்றுவதானாலும் ரோடு போடுவதானாலும் ஸ்ட்ரெஸ் பிரிவைக் கேட்காமல் செய்யக் கூடாது."

அன்புடன்,
உங்களில் ஒருவன்