கழுநீரைக் கொட்டாதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அரிசித் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, தலைக்குத் தேய்க்க இந்த விலைக்கா விற்கிறார்கள்? வாங்காதே. புனேயில் நீயும் தினம் சோறு ஆக்குகிறாய், அதே தண்ணீரைத்தான் சிங்க்கில் கொட்டுகிறாய்.

முதல் கழுவலில் தூசும் தவிடும் வரும். அதைப் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்று. இரண்டாவது கழுவலை எடுத்து வை. அதில் புளியைக் கரைத்தால் குழம்பு கொஞ்சம் கெட்டிப்படும். கருணைக்கிழங்கையும் அதிலேயே வேகவை, நாக்கு அரிப்பது குறையும்.

தலைக்கும் அதே தண்ணீர் போதும். சீயக்காய் தேய்த்து அலசிய பிறகு ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிவிடு. முடி சிக்கில்லாமல் வழவழவென்று இருக்கும். ஆனால் கொட்டின முடி திரும்ப முளைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. ரொம்பக் கொட்டினால் டாக்டரிடம் போய் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொள். முகத்துக்கு என்றால், நைசாகச் சலித்த அரிசி மாவைத் தயிரில் குழைத்துத் தடவு. அழுத்தித் தேய்க்காதே. பரு இருக்கிறபோது வேண்டவே வேண்டாம்.

எனக்கு ஆதங்கமெல்லாம் கஞ்சி மேல்தான். குக்கர் வந்ததும் கஞ்சி வடிக்கிறதே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது பானையில் தாராளமாகத் தண்ணீர் வைத்து, சோற்றை வடித்துப் பார். சூடான கஞ்சியில் உப்பும் மோரும் விட்டு முதலில் ஒரு டம்ளர் நீ குடி. மிச்சத்தை மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்கக் கலக்கு. துவைத்துப் பிழிந்த நெகமம் பருத்திச் சேலையை அதில் முழுசாக முக்கி எடுத்து, நன்றாக உதறி நிழலில் காயப்போடு. கஞ்சி கெட்டியாக இருந்தால் சேலையில் வெள்ளைத் திட்டு விழும். லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மடிப்பு விறைப்பாக நிற்கும், ஆபீஸில் சாயங்காலம் வரை கசங்காது. ரொம்ப நாள் கட்டாமல் பீரோவில் வைக்கிற சேலைக்கு மட்டும் கஞ்சி போடாதே. மாவுச்சத்தைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும், அதோடு சேலையும் போய்விடும்.

அப்புறம், போன் தண்ணீரில் விழுந்தால் அரிசி டப்பாவில் புதைக்கிற பழக்கத்தை விடு. அரிசித் துகள் உள்ளே போய்ப் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024இல் சொல்லிவிட்டது. உப்பு ஜாடியில் நாலு அரிசி போடு, உப்பு கட்டி தட்டாது. அது போதும்.

அப்பா பழைய பொன்னி அரிசி ஒரு சிப்பம் பார்சல் போடுகிறார். வந்ததும் டப்பாவைத் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து அரிசியைக் கொட்டு. வண்டு அண்டாமல் இருக்க வசம்புத் துண்டு வைத்திருக்கிறேன், அதையும் உள்ளே போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா