தமிழில் பெயரிட்ட கோப்புகளை வழியில் தொலைக்காமல் அனுப்ப

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய நூல்களையும் சிற்றிதழ்களையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் தன்னார்வலர்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்தக் கோப்புகள் இன்னமும் பென் டிரைவில்தான் கணினி விட்டுக் கணினி போகின்றன. ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. பாதியில் பிடுங்கினால் எது முழுதாகச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியாது. ஒரே வைஃபையில் இரு கணினிகளும் இருந்தால் கட்டளை வரியில் ஒரே வரி போதும்.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை விண்டோஸ் 10-இல் 2018 முதல் கூடவே வருகிறது. நாலைந்து கோப்புகளுக்கு அது போதும். ஆயிரக்கணக்கில் என்றால், இணைப்பு அறுந்ததும் எஸ்சிபி முதலிலிருந்து தொடங்கும். அதற்கு ஆர்சிங்க்தான் சரி. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராசும் 1996-இல் வெளியிட்ட இந்தக் கருவி, அளவும் தேதியும் ஒத்திருக்கும் கோப்புகளைத் தாண்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். விண்டோஸில் இது நேரடியாக இல்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லை நிறுவி அதற்குள் ஓட்டலாம்.

ஆர்சிங்க் கட்டளையோடு சேர்க்கும் ஆங்கில எழுத்து விருப்பங்களில் சிறிய 'ஏ' (-a), சிறிய 'வி' (-v), பெரிய 'பி' (-P) ஆகிய மூன்று பெரும்பாலான வேலைக்குப் போதும். சிறிய 'ஏ' உட்கோப்புறைகளையும் தேதிகளையும் அப்படியே கொண்டுபோகும்; சிறிய 'வி' போகும் கோப்புகளின் பெயரைக் காட்டும். பெரிய 'பி' அறுந்த கோப்பின் பாதியை வைத்திருந்து அங்கிருந்து தொடர உதவும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் கோப்புறையே போய் உட்காரும். பலரும் தடுமாறும் இடம் இது. ஆகவே முதலில் சிறிய 'என்' (-n) சேர்த்து ஒத்திகை பாருங்கள், எதுவும் நகராமல் பட்டியல் மட்டும் வரும். மூலத்தில் இல்லாதவற்றை மறுபக்கத்திலும் அழிக்கும் 'டிலீட்' விருப்பத்தைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். வெளி வட்டு இணைக்கப்படாமல் மூலக் கோப்புறை காலியாக இருக்கும்போது அதை ஓட்டினால், மறுபக்கப் பிரதியும் காலியாகிவிடும்.

எஸ்சிபியில், தேதியைக் காக்கும் சிறிய 'பி' (-p) போடாமல் அனுப்பிய கோப்புகளுக்கு அனுப்பிய நாளே தேதியாகிவிடும். பிறகு ஆர்சிங்க் ஓட்டினால் தேதி பொருந்தாமல் அத்தனையையும் மறுபடி ஒப்பிடத் தொடங்கும்.

தமிழ்ப் பெயர்களில்தான் உண்மையான சிக்கல். லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்; புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என எல்லாவற்றையும் சேர்த்து வைத்த நீண்ட பெயரை விண்டோஸ் ஏற்கும், லினக்ஸ் 'பெயர் மிக நீளம்' என்று மறுக்கும். ஆர்சிங்க் அதை விட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். திரை வேகமாக ஓடுவதால் அந்தப் பிழை கண்ணில் படாது. இறுதி வரியில் பிழை எண் 23 வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகளில் இன்னொன்று. 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் உயிர்க்குறியை அது இரண்டாகப் பிரித்தே பெயரில் சேமிக்கும். 'சோழர்' என்ற கோப்பு லினக்ஸுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே இருக்கும் 'சோழர்' வேறொரு பெயராகவே கருதப்பட்டு, பார்வைக்கு ஒன்றுபோல் இரண்டு கோப்புகள் நிற்கும். மேக்கிலிருந்து அனுப்பும்போது, பெயர்களை ஒரு குறியாக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஆர்சிங்கின் 'ஐகான்வ்' விருப்பத்தில் 'யூடிஎஃப்-8-மேக், யூடிஎஃப்-8' என்று உள்ளூர் முறையை முதலில் கொடுத்தால் இது தீரும். இதற்கு இரு பக்கமும் ஆர்சிங்க் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

இதற்கெல்லாம் பயந்து கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயர் வையுங்கள் என்று சொல்வதை ஏற்க முடியாது. நூற்பெயரைத் தமிழில் சுருக்கமாக வையுங்கள். மற்ற விவரங்களை அட்டவணைக் கோப்பில் எழுதுங்கள். அனுப்பி முடித்ததும் சிறிய 'சி' (-c) சேர்த்து ஆர்சிங்கை மறுபடி ஓட்டுங்கள். அளவையும் தேதியையும் நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும்; நேரம் பிடிக்கும். அது முடியும்வரை மூலப் பிரதியை அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
கணினி நிர்வாகி ஒருவர்,
மதுரை.