ஒன்பது வயதில் ஓர் இரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்த வீட்டில்கூட, பிள்ளையின் கொலஸ்ட்ராலைப் பார்க்க வேண்டும் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பலருக்குத் தோன்றுவதில்லை. ஒல்லிப் பிள்ளைக்கு எதற்கு என்கிறார்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் உடல்வாகு பார்த்து வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அமெரிக்காவின் போகலூசா ஆய்வில், 2 முதல் 39 வயதுக்குள் பெரும்பாலும் விபத்து போன்றவற்றால் இறந்த 204 பேரின் இரத்தக் குழாய்களைத் திறந்து பார்த்தார்கள். சிறு பிள்ளைகளின் மகாதமனியிலேயே கொழுப்புக் கீற்றுகள் இருந்தன. எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்களிடம் அவை அதிகம் பரவியிருந்தன. அளவு மட்டுமல்ல, அது எத்தனை ஆண்டுகள் குழாயில் ஓடியது என்பதும் கணக்கு.

பரிசோதனைக்கு 9 முதல் 11 வயது ஏற்றது. பருவமெய்தும்போது எல்.டி.எல். தற்காலிகமாக இறங்கும், அப்போது பார்த்தால் ஏமாந்துபோவோம். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கு முன்பே பாருங்கள். முதல் சோதனைக்குப் பட்டினி வேண்டாம். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல். என்னும் நல்ல கொலஸ்ட்ராலைக் கழித்தால் வருவது லிட்டருக்கு 3.8 மில்லிமோலைத் தொட்டால், வெறும் வயிற்றில் இரண்டு முறை, இரண்டு வாரமாவது இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். எல்.டி.எல். 4.9-ஐத் தாண்டினால் உடன்பிறந்தவர்களையும் சோதியுங்கள். அந்த அளவுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. 8 வயதுக்கு மேல் மருத்துவர் ஸ்டேட்டின் என்னும் கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து தரலாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு நெய்யையும் பொரித்த சிப்ஸையும் குறையுங்கள். ஆட்டிறைச்சி பன்னி சௌவுக்குப் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பியது) பதில் பீன்ஸ் கறி வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் பணியாளர்கள்,
டர்பன்